கையொப்பமும் இசைவும்

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், வகுப்பின் இறுதிக் கால்மணி நேரத்தை எங்கள் பேராசிரியர் மனச்சான்றுக்குரிய வழக்கு ஒன்றை ஆராய்வதற்கென ஒதுக்கிவைப்பார். ஒருநாள் அவர் தந்த வழக்கு இது: ஒருவன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறான், பின்னர் அது தன்னை நெருக்குவதை உணர்கிறான், அவன் அதற்குக் கட்டுப்பட்டவனா? இளமையின் வேகத்தில் நாங்கள் ஒரே குரலில் விடை சொன்னோம்: கட்டுப்பட்டவனே, கொடுத்த வாக்கைக் காப்பது கடமை. அவர் அதை மறுக்கவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதினார். அவன் அறிந்து ஒப்பமிட்டானா? தன்னுரிமையோடு ஒப்பமிட்டானா? அவனிடம் கேட்கப்பட்டது நீதியானதா? இம்மூன்றிற்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தாலன்றி, அந்தக் கையொப்பம் வெறும் மைக்கோடே என்றார்.

அந்தக் கரும்பலகையை மீண்டும் என் கண்முன் கொண்டுவந்தது பிரிட்டனில் சில ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்கு. பொருள் மிகச் சிறியது: வீட்டுக்கு வரும் இணைய இணைப்பின் மாதக் கட்டணம். தொலைநாட்டுச் சந்தைச் செய்தி நம் இதழுக்கு எதற்கு என வாசகர் வினவலாம். பொருள் சிறியதாயினும் அதற்குள் இருக்கும் கேள்வி சிறியதன்று. வலியவர் எளியவரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் 'நீதானே ஒப்புக்கொண்டாய்?' என்ற சொல் எந்த அளவுக்குச் செல்லும் என்பதே அந்தக் கேள்வி. அயலார் வழக்கைத் தீர்ப்பிடும்போது நம் கண் தெளிவாக இருக்கிறது என்பதும் ஒரு வசதி. நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னது இதனால்தான் அன்றோ?

முதலில் வழக்கைக் கூறுவோம். பிரிட்டனில் ஒரு வீட்டார் பிராட்பேண்ட் இணைப்புப் பெற வேண்டுமெனில், பெரும்பாலும் 18 அல்லது 24 மாதங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். இடையில் விலக நினைத்தால், எஞ்சிய மாதங்களைக் கணக்கிட்டு ஒரு தொகையைச் செலுத்தியே விலகமுடியும். ஆக, வாடிக்கையாளர் கட்டுண்டவர். நிறுவனமோ விலையைப் பொறுத்தவரை அவ்வாறு கட்டுண்டிருக்கவில்லை. 2020ஆம் ஆண்டு தொடங்கி, பெரிய நிறுவனங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக, தம் ஒப்பந்தங்களில் ஒரு விதியைச் சேர்த்தன. முந்தைய டிசம்பர் மாதத்தின் நுகர்வோர் விலைப் பணவீக்கம் எவ்வளவோ, அதனோடு மேலும் 3.9 விழுக்காட்டைக் கூட்டி, ஆண்டுதோறும் மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் கட்டணம் உயரும் என்பதே அவ்விதி. வேறு சில நிறுவனங்கள் இதையொத்த வேறு கணக்கை வைத்துக்கொண்டன.

அதன் விளைவைப் பாருங்கள். 2022 டிசம்பரில் பிரிட்டனின் பணவீக்கம் 10.5 விழுக்காடு. எனவே 2023 இளவேனிற்காலத்தில் கட்டணம் 14.4 விழுக்காடு உயர்ந்தது. அடுத்த டிசம்பரில் பணவீக்கம் 4.0 விழுக்காடு, 2024இல் மீண்டும் 7.9 விழுக்காடு உயர்வு. 2022 கோடையில் மாதம் 30 பவுண்டு என்று ஒருவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் செய்திருந்தால், முதல் உயர்வுக்குப்பின் அவர் செலுத்தியது 34 பவுண்டு 32 பென்ஸ். இரண்டாம் உயர்வுக்குப்பின் 37 பவுண்டு 3 பென்ஸ். இரண்டும் ஒரே ஒப்பந்தக் காலத்திற்குள். இணைப்பின் வேகம் கூடவில்லை. புதிய சேவை ஏதும் சேரவில்லை. கேட்டால் கிடைத்த விடை ஒன்றே: 'நீங்கள் ஒப்பமிட்ட தாளில் இது எழுதப்பட்டுள்ளது.'

பேராசிரியரின் முதற்கேள்விக்கு வருவோம். அவர் அறிந்து ஒப்பமிட்டாரா?

தாளில் எழுதப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அங்கு எழுதப்பட்டிருந்தது ஒரு விலை அன்று. விலையைப் பிற்காலத்தில் கண்டுபிடிப்பதற்கான ஒரு கணக்கு. 2022 கோடையில் ஒப்பமிட்டவர், அவ்வாண்டு டிசம்பரின் பணவீக்கத்தை எவ்வாறு அறிவார்? பொருளியல் அறிஞரும் அறியார். பணவீக்கக் குறியீடு என்பதன் பொருளையே அறியாத வாடிக்கையாளர் பலர் இருந்தனர். ஓர் அறிவிப்பை அடிக்குறிப்பில் வைத்துவிடுவதால் மட்டும் ஒருவர் அறிவிக்கப்பட்டவர் ஆகிவிடுவதில்லை.

இங்கு எனக்கு லாபானின் நினைவு வருகிறது. தொடக்கநூலின் 29ஆம் அதிகாரத்தை வாசகர் அறிவர். ராகேலை மணக்கவேண்டி யாக்கோபு ஏழாண்டு உழைத்தார். திருமண இரவு கழிந்து விடிந்தபோது அவருடன் இருந்தவள் லேயா. யாக்கோபு முறையிட்டபோது லாபான் சொன்ன விடை கவனத்திற்குரியது. மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது தங்கள் ஊர் வழக்கமன்று என்றான் அவன். அவன் சொன்னது பொய் என்று திருநூல் கூறவில்லை. அப்படியொரு வழக்கம் இருந்திருக்கலாம். அவன் செய்த குற்றம், சொல்லவேண்டிய நாளில் அதைச் சொல்லாமல், ஏழாண்டு உழைப்பு கைக்கு வந்தபின் சொன்னதுதான். உண்மையைக் காலந்தாழ்த்திச் சொல்வதும் ஏமாற்றின் ஒரு வகையே. லாபான் தன் கூலியைப் பத்துமுறை மாற்றியதாக யாக்கோபு பின்னர் மனைவியரிடம் புலம்பியதையும் 31ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஒருமுறை மாற்றக் கற்றுக்கொண்ட கை, மாற்றிக்கொண்டே இருக்கும்.

பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆப்காம் இக்குறையைக் கண்டுகொண்டது. 2024 ஜூலையில் முடிவெடுத்து, 2025 ஜனவரி 17 முதல் ஒரு புதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்நாள் முதல் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களில், பணவீக்கத்தையோ விழுக்காட்டையோ சார்ந்த உயர்வைக் குறிப்பிடக்கூடாது; உயர்வு உண்டெனில், எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ், எந்த மாதம் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லவேண்டும். இது நல்லதொரு சீர்திருத்தம். முதற்கேள்விக்கு அது பெரும்பாலும் விடையளித்தது எனலாம்.

ஆனால் அதை மட்டுமே அது செய்தது. உயர்வை அது தடுக்கவில்லை, அறிவிக்கச் சொன்னது. நிறுவனங்கள் பலவும் விழுக்காட்டை விடுத்து நிலையான தொகைக்கு மாறின. புதிய விதி வருமுன்னரே, 2024இல், பி.டி. நிறுவனம் பிராட்பேண்ட் கட்டணம் ஆண்டுதோறும் மாதத்திற்கு 3 பவுண்டு உயரும் என்ற முறைக்கு மாறியது. மலிவான இணைப்புக்கும் உயர்ந்த விலை இணைப்புக்கும் ஒரே 3 பவுண்டு என்றால், அதன் பொருள் என்ன? மாதம் 60 பவுண்டு செலுத்துபவருக்கு அது 5 விழுக்காடு. 25 பவுண்டு செலுத்துபவருக்கு 12 விழுக்காடு. தெளிவு கூடியது, சுமையோ எளியவர் பக்கமே சாய்ந்தது. அறிந்திருத்தல் என்பது நீதியின் வாயில். வாயிலில் நின்றுவிட்டால் வீட்டுக்குள் சென்றதாகாது.

இரண்டாம் கேள்வி: தன்னுரிமையோடு ஒப்பமிட்டாரா?

'விருப்பமில்லையெனில் வேறிடம் செல்லலாமே' என்பது சந்தையின் மறுமொழி. இதில் உண்மை இல்லாமலில்லை. ஒப்பந்தக் காலத்தில் விலையை உயர்த்தமாட்டோம் என்று உறுதியளித்த நிறுவனங்களும் பிரிட்டனில் இருந்தன. வேறு வழியே இல்லை என நாம் சொன்னால் அது மிகைக்கூற்றாகும். எனினும், வேறிடம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

அங்கு வெவ்வேறு பெயர்ப்பலகை தாங்கிய நிறுவனங்கள் பல, ஓப்பன்ரீச் என்னும் ஒரே கம்பி வலையமைப்பின் வழியாகவே தம் சேவையை வழங்குகின்றன, அவ்வமைப்பு பி.டி. குழுமத்திற்கு உரியது. பி.டி., ஈ.ஈ., பிளஸ்நெட் எனும் மூன்று பெயர்களுமே அதே குழுமத்தின் பெயர்கள். கடைகள் பல, கொள்முதல் ஒன்று. பெரிய நிறுவனங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே விலையுயர்வு விதியை ஏற்றுக்கொண்டபின், ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்வது, ஒரே கிணற்றில் வெவ்வேறு வாளியால் நீர் மொள்வது போன்றதே.

ஹல் நகரின் கதை இன்னும் தெளிவானது. 1904 முதல் அந்நகர மன்றமே தன் தொலைபேசி அமைப்பை நடத்திவந்தது. நாடெங்கும் தொலைபேசிக் கூண்டுகள் சிவப்பு நிறத்தில் நிற்க, ஹல்லில் மட்டும் அவை வெண்மஞ்சள் நிறத்தில் நின்றன. மக்களுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் என்ற பெருமை அதில் இருந்தது. 1999இல் அது பங்குச்சந்தைக்குச் சென்றது. இன்று கேகாம் என்ற பெயரில் இயங்குகிறது. பி.டி.யின் கம்பிகள் அந்நகருக்குள் வராததால், நீண்டகாலம் பெரும்பாலான வீட்டாருக்கு வேறு நிறுவனம் எதுவும் இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் புதிய நிறுவனங்கள் தம் ஒளியிழைகளை அங்குப் பதித்தன. நான் அந்த நிறுவனத்தைக் குறைகூறவில்லை. 2019இலேயே நகருக்கு ஒளியிழை இணைப்பைக் கொண்டுசேர்த்த பெருமை அதற்கு உண்டு. நான் கேட்பது வேறு. ஒரே கதவுள்ள அறையில் இருப்பவன் அக்கதவின் வழியே சென்றால், அவன் அதைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்வோமா?

இணைப்பே வேண்டாமென்று இருந்துவிடவும் இயலாது. பிரிட்டனில் ஏழையர் பெறும் அரசு உதவித்தொகைக்குப் பொதுவாக இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கவேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் பிள்ளைகள் பள்ளிப்பாடம் கற்றது இணையத்தில். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரியோடு முடித்துக்கொள்வதென அங்குத் திட்டமிடப்பட்டது. அதன்பின் முதியவர் ஒருவர் தம் மகளோடு வீட்டுத் தொலைபேசியில் பேசுவதும் பெரும்பாலும் இணைய இணைப்பைச் சார்ந்ததே. நீரும் மின்சாரமும் போல இதுவும் வாழ்வின் தேவையாகிவிட்டது. யாக்கோபு ஏன் லாபானை விட்டுப் போகவில்லை? அவர் நேசித்தவள் லாபானின் வீட்டில் இருந்தாள். தேவை எங்கே இருக்கிறதோ அங்கே மனிதன் கட்டுண்டு கிடக்கிறான்.

திருச்சபையின் சமூகப் போதனை இதை நன்கு அறியும். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் தொழிலாளரின் கூலியைப்பற்றி எழுதியபோது, அக்காலத்துப் பொருளியலாரின் வாதம் இதுவே: கூலியை இருவரும் இசைந்து முடிவுசெய்தனர், அதைக் கொடுத்துவிட்டால் நீதி நிறைவேறிற்று. திருத்தந்தை அதை ஏற்கவில்லை. இருவரின் இசைவுக்கும் முந்தையதான இயற்கை நீதி ஒன்று உண்டு. தேவையின் நெருக்கடியாலோ இன்னும் பெரிய தீங்குக்கு அஞ்சியோ ஒருவன் கடுமையான நிபந்தனையை ஏற்றால், அவன் வன்முறைக்கு ஆளானவனே என்று அவர் போதித்தார். 1967இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 'பொப்புலோரும் புரோக்ரெசியோ' மடலில் அதே நெறியை நாடுகளுக்கிடையேயான வாணிகத்திற்கு விரித்துரைத்தார்: இரு தரப்பினரின் நிலை பெரிதும் ஏற்றத்தாழ்வு உடையதாக இருக்கும்போது, இசைவு மட்டும் ஒப்பந்தத்தை நீதியானதாக்காது. கூலியும் நாடுகளின் வாணிகமும் இணையக் கட்டணத்தைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் பெரியதில் உண்மையான நெறி சிறியதில் பொய்யாகிவிடாது.

'விலகும் உரிமை இருக்கிறதே' என்ற விடையையும் காலம் சோதித்துப் பார்த்துவிட்டது. கைப்பேசிச் சேவையில், 2025 அக்டோபரில், ஓ2 நிறுவனம் தான் முன்பு அறிவித்திருந்த 1 பவுண்டு 80 பென்ஸ் மாத உயர்வை 2 பவுண்டு 50 பென்ஸாக மாற்றியது. புதிய விதி நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. சட்டம் மீறப்படவில்லை, அறிவிப்பு வந்த 30 நாள்களுக்குள் வாடிக்கையாளர் தண்டமின்றி விலகலாம். ஆயினும், புதிய விதிகளின் நோக்கத்திற்கே இது மாறானது என்று ஆப்காம் வருத்தம் தெரிவித்தது. சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது, வாக்கு காக்கப்படவில்லை. விலகும் உரிமையைப் பயன்படுத்த நேரமும் கணினியறிவும் துணிவும் வேண்டும். இவை உள்ளவர் புதிய சலுகையோடு வேறிடம் செல்கிறார். இல்லாத முதியவரும் நோயுற்றவரும் இருந்த இடத்திலேயே இருந்து உயர்ந்த கட்டணத்தைச் செலுத்துகின்றனர். தொடர்ந்து நிலைத்திருத்தலை நாம் நற்பண்பு என்கிறோம். இச்சந்தையில் அது தண்டனைக்குரியதாகிவிட்டது.

மூன்றாம் கேள்வி: கேட்கப்பட்டது நீதியானதா?

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'சும்மா தியோலோஜிக்கா'வின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 77ஆம் வினாவில், வாங்குதல் விற்றல்பற்றி ஆராய்கிறார். ஒரு பொருளை விட்டுக்கொடுப்பதால் விற்பவனுக்கு இழப்பு உண்டெனில், அந்த இழப்பை அவன் விலையில் சேர்க்கலாம். ஆனால், வாங்குபவனின் தேவை பெரிது என்பதற்காக மட்டும் விலையை உயர்த்தக்கூடாது. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவனுக்கு உரியது, விற்பவனுக்கு உரியதன்று. தன்னுடையது அல்லாததை ஒருவன் எவ்வாறு விற்கமுடியும்? எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான இந்த வேறுபாடு, நம் வழக்கைக் கத்திபோல் இரண்டாகப் பிளக்கிறது.

'பணவீக்கமும் 3.9 விழுக்காடும்' என்ற விதியின் முதற்பாதியை எடுத்துக்கொள்வோம். பணத்தின் மதிப்புக் குறைகிறது. ஊதியமும் மின்செலவும் ஏறுகின்றன. அந்த இழப்பை ஈடுசெய்யக் கேட்பது, அக்குவினாஸின் அளவுகோலின்படி, நேர்மையாகவும் இருக்கக்கூடும். இரண்டாம் பாதியோ வேறு. வலையமைப்பை விரிவாக்க முதலீடு தேவை என்று நிறுவனங்கள் கூறின. இருக்கட்டும். ஆனால் பணவீக்கம் முன்னறிய இயலாதது, 3.9 என்பதோ ஒப்பமிடும் நாளிலேயே நிறுவனத்திற்குத் தெரிந்த எண். தெரிந்த செலவை, முதல்நாள் விலையிலேயே ஏன் சேர்க்கவில்லை? சேர்த்திருந்தால் விளம்பரத்தில் விலை சற்று உயர்வாகத் தெரிந்திருக்கும். அறிந்த ஒன்றை அறியாத ஒன்றோடு சேர்த்துக் கட்டி, இரண்டையும் நாளைக்குத் தள்ளிவைத்ததில்தான் இவ்வழக்கின் அநீதி குடியிருக்கிறது. உயர்வு ஒவ்வொன்றும் முழுத்தொகையின் மீதும் ஏறுவதால், கடந்த ஆண்டின் உயர்வுக்கும் இந்த ஆண்டில் உயர்வு உண்டு.

நாளை என்ன நடக்கும் என்ற அச்சத்தை யார் சுமப்பது என்பதும் நீதியின் கேள்வியே. விலைவாசி ஏறினால் நிறுவனம் தன் ஒப்பந்தத்தால் காக்கப்படுகிறது. அந்த வாடிக்கையாளரின் ஊதியம் பணவீக்கத்தோடு 3.9 விழுக்காடு சேர்ந்து உயரும் என்று எந்த முதலாளி எழுதிக்கொடுத்தார்? தாங்க வல்லவர் சுமையை இறக்கிவைத்தார். தாங்க இயலாதவர் தோளில் அது ஏறியது. வள்ளுவப் பெருந்தகை வணிகருக்குரிய அறத்தை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததன் பொருத்தம் இங்கு விளங்குகிறது. அங்கு அவர் வணிகனிடம் ஈகையை எதிர்பார்க்கவில்லை. பிறர் பொருளையும் தன் பொருள்போல் கருதும் சமநிலையையே எதிர்பார்க்கிறார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட எண்ணினேன். ஆனால் நாத்தானின் விரல் என் பக்கம் திரும்பிவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பங்குத்தந்தையாகவும் எங்கள் பங்குப் பள்ளியின் தாளாளராகவும் இருந்தபோது, கல்வியாண்டின் நடுவில் கணினிக் கட்டணம் என்று மாணவர் ஒவ்வொருவருக்கும் 300 ரூபாய் விதித்தோம். கணினிகள் வாங்கியது உண்மை. அவற்றை வாங்கப்போகிறோம் என்பது ஜூன் மாதத்திலேயே எனக்குத் தெரியும். சேர்க்கையின்போது சொன்னால் பெற்றோர் தயங்குவர் என்று நவம்பர்வரை சொல்லவில்லை. வீட்டுவேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய் ஒருவர், சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாயிலில் நெடுநேரம் நின்றார். 'ரெண்டு தவணையாக் கட்டலாமா சாமி?' என்றார். கட்டலாம் என்றேன். 'சரிங்க சாமி' என்று சொல்லிச் சென்றார். எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று பள்ளிக்குழுவில் நான் மனநிறைவோடு அறிவித்தேன்.

அவர் அறிந்து ஒப்பினாரா? சேர்க்கையின்போது அறியார். தன்னுரிமையோடு ஒப்பினாரா? நவம்பரில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பார்? கேட்கப்பட்டது நீதியானதா? செலவு உண்மையானதே, ஆனால் நான் அறிந்திருந்ததை மறைத்து, அவர் விலகமுடியாத நாளில் கேட்டேன். மூன்று கேள்விகளிலும் நான் தோற்றேன். அந்தத் தாயின் 'சரிங்க சாமி' என்ற சொல்லை இசைவென்று நான் எடுத்துக்கொண்டதற்கும், 'தாளில் எழுதியிருக்கிறது' என்று ஒரு பெருநிறுவனம் சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவு, நான் விரும்பும் அளவுக்கு அதிகமில்லை. அடுத்த ஆண்டு முதல், ஜூனில் சொன்ன கட்டணம் ஏப்ரல்வரை மாறாது என்று முடிவெடுத்தோம். ஆனால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஈடுசெய்தலைப்பற்றி மற்றவர்க்கு ஒப்புரவுத் தொட்டியில் அறிவுரை கூறுபவன் நான்.

ஆண்டவரின் கூடாரத்தில் தங்கத்தக்கவர் யார் என்று வினவும் 15ஆம் திருப்பாடல், தனக்கு இழப்பு நேர்ந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவரை அவர்களுள் ஒருவராகச் சேர்க்கிறது. இழப்பு வாக்குக் கொடுத்தவருக்கு உரியது என்பதைக் கவனியுங்கள். வாக்கைப் பெற்றவர்மேல் அதைத் தள்ளிவிடுபவரைத் திருப்பாடல் அங்கு அமர்த்தவில்லை. பிறர் தேவையின் சாவி நம் ஒவ்வொருவர் கையிலும் ஏதோவொரு வடிவில் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டவருக்கும், ஆளை வேலைக்கு வைத்தவருக்கும், பள்ளியையோ மருத்துவமனையையோ நடத்தும் திருச்சபைக்கும் அது பொருந்தும். அவர்கள் 'சரி' என்று சொல்லும்போது, 'முடியாது' என்று சொல்ல அவர்களால் இயன்றதா என்று ஒருமுறை கேட்டுப்பார்ப்போம். இயலவில்லை எனில், அந்தச் 'சரி'க்கு அவர்கள் பொறுப்பல்லர், நாமே பொறுப்பு.